சப்-ஜூனியர் முதல் சீனியர் வரை ஒரே ஆட்டப் பாணி: நம் ஹாக்கிக்கு ஒத்துவருமா?

வலதுவிங்

எழும்பூரில் 2025 ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதியை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஜெர்மனி 5, இந்தியா 1. தோற்றதைப் பற்றிப் புலம்ப இந்த இழையைத் தொடங்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே நம் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் 4 கோல் போட்டு வெண்கலத்தை வாங்கிவிட்டார்கள். அந்த மனவுறுதியில் குறை சொல்ல எதுவுமே இல்லை.

என்னை யோசிக்க வைத்தது பந்து பறிபோன பிறகு வரும் இரண்டு மூன்று நொடிகள். ஜெர்மன் பையன்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவன் நேராகப் பந்துக்குப் போனான், அடுத்தவன் நடுக்களத்துக்குப் போகும் வழியை அடைத்தான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் நாலடி முன்னேறி நின்றான். நம் பக்கம் அதே நிலைமை வந்தபோது ஒருவன் அழுத்தப் போகிறான், இன்னொருவன் பின்வாங்குகிறான், நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. பையன்களுக்குத் திறமை குறைவு என்று நான் நம்பவில்லை. ஆளுக்கொரு இடத்தில் ஆளுக்கொரு பாடம் படித்துவிட்டு வந்து ஒன்றாக நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பிள்ளைகள் ஒரு கிளப்பில் சேர்ந்தால் 8 வயது அணியும் பெரியவர்கள் அணியும் பெரும்பாலும் ஒரே மைதானத்தில்தான் ஆடுகின்றன. சின்னவன் பெரியவனைப் பார்த்தே வளர்கிறான். இங்கே பள்ளி, விளையாட்டு விடுதி, மாநிலம், தேசிய முகாம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஆட்டப் பாணி இருந்தால் என்ன? நடைமுறையில் முடியுமா? களத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

பிஇடி_தெற்கு

தம்பி, நல்ல கேள்வி. தென்மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பல வருடம் ஹாக்கிப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் ஃபுல் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பள்ளியில் ஆடுவது மண் தரை. அங்கே பந்து எப்போது எகிறும் என்று தெரியாது. அதனால் ஸ்டிக்கைக் கிடையாகப் படுக்கவைத்துப் பந்தை நிறுத்த, அதாவது ட்ராப் செய்யச் சொல்லித் தருவோம், ‘பின்னால் பந்து கிடைத்தால் யோசிக்காமல் அடித்துவிடு’ என்போம். அந்தத் தரைக்கு அது சரியான ஆட்டம். பிறகு பையன் விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகி, செயற்கைத் தரையான டர்ஃபுக்குப் போகிறான். அங்கே கோச், ‘எதற்குக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாய்? நடுக்களத்தில் இருக்கும் சென்டர் ஹாஃபுக்குப் புஷ் பண்ணு’ என்கிறார். அதுவும் சரிதான். அப்புறம் மாநில முகாம். அங்கே இருக்கிறவருக்கு ஏரியல் பிடிக்கும், தலைக்கு மேல் தூக்கி எதிரணி 25 கஜத்துக்குள் போடச் சொல்கிறார். எதிராளியை மார்க் செய்யும் முறையிலும் இதே கதை. ஒருவர் ‘உன் ஆளை விடாதே’ என்பார், இன்னொருவர் ‘உன் இடத்தை விடாதே’ என்பார்.

17 வயதில் அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். பந்து அவனிடம் வருகிறது. ட்ராப் அருமை. அதற்கப்புறம் ஒரு தயக்கம். அரை நொடி இருக்கும். அடிக்கவா, புஷ் பண்ணவா, தூக்கவா? அந்த அரை நொடியில் எதிரணி ஃபார்வர்டு வந்து ஸ்டிக்கை நீட்டிவிட்டான். கேலரியில் இருந்தவர்கள் ‘பையன் ஸ்லோ’ என்றார்கள். அவன் ஸ்லோ கிடையாது. எங்கள் பள்ளியில் 100 மீட்டரில் அவனை முந்த ஆள் இல்லை. அவன் தலைக்குள் மூன்று கோச்சுகள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் பதில்: வேண்டும். ஆனால் ‘ஒரே பாணி’ என்று சொல்லி யாராவது ஒரு ஃபார்மேஷனை (யார் எங்கே நிற்பது என்ற அமைப்பை) எல்லாப் பள்ளிக்கும் அனுப்பினால் அதை நானே எதிர்ப்பேன். 12 வயதுப் பையனுக்கு ஃபார்மேஷன் தேவையே இல்லை. பந்தை வாங்கும் முன் எங்கே பார்ப்பது, உடம்பை எப்படித் திருப்பி நிற்பது, பந்து போனால் முதலில் என்ன செய்வது, இந்த மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். மிச்சம் அந்தந்த கோச் விருப்பம்.

அரியலூர்க்காரன்

சார், அந்த அரை நொடி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. விடுதியில் இருந்தபோது நானும் அதை அனுபவித்திருக்கிறேன். மைதானத்தில் எனக்குக் கால் ஓடும், மூளை பின்னால் வரும்.

சென்டர்ஹாஃப்75

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன்.

ஒரே பாணி என்று எழுதிவைப்பதாக இருந்தால் எந்தப் பாணியை எழுதுவது? 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றபோது நமக்கென்று ஒரு பாணி இருந்தது. முன்னால் 5 பேர், அதில் உள்பக்கம் ஆடும் இன்சைடுகள் பந்தைக் கீழே இறங்கி வாங்கி ஏந்திக்கொண்டு போவார்கள், குட்டிக் குட்டிப் பாஸ்கள், டாட்ஜ் (எதிராளியை ஏமாற்றித் தாண்டுவது). நாடு முழுக்கப் பள்ளிப் பையன் முதல் ஒலிம்பிக் ஆட்டக்காரன் வரை அதைத்தான் ஆடினான். இன்று நீங்கள் கேட்கும் அந்த ‘ஒரே பாணி’ அன்றைக்கு நம்மிடம் இருந்தது, யாரும் உத்தரவு போடாமலே இருந்தது. அடுத்த ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. நாம் 7ஆவது இடம். அப்புறம் 1990களில் ஆஃப்சைடு விதியையும் எடுத்துவிட்டார்கள். தரையும் மாறி விதியும் மாறிய பிறகும் பழைய ஆட்டத்தையே பிடித்துக்கொண்டு நின்றோம். 2008இல் சான்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தோம். நாடே ஒரே மாதிரி ஆடினால் நாடே ஒரே மாதிரி தோற்கும் அபாயமும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, மேலே தேசிய அணியின் தலைமை கோச்சே நிலையாக இல்லையே? 2011இல் மைக்கேல் நாப்ஸ். பிறகு டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட், 2023இல் கிரெய்க் ஃபுல்டன். 12 வருடத்தில் 8 பேர். நாப்ஸ் ஆசிய பாணித் தாக்குதல் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். ஃபுல்டன் முதலில் தடுப்பைக் கட்டு, அதிலிருந்து ஜெயி என்கிறார். கீழே இருக்கும் பிள்ளை இதில் எதைப் படிப்பான்?

மூன்றாவதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2016இல் லக்னோவில் ஹரேந்திர சிங் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 2-1 என வென்றோம். அந்த அணியை வளர்த்தவரே 2018 மே மாதம் சீனியர் அணிக்கு வந்தார். ஜூனியரிலிருந்து சீனியருக்கு ஒரே கை, ஒரே சிந்தனை போவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வராது. 2018 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றார்கள். 2019 ஜனவரியில் அவரை மாற்றிவிட்டார்கள். எட்டு மாதம்! பாணியைப் பற்றிப் பேசும் முன் பொறுமையைப் பற்றிப் பேசுங்கள்.

வலதுவிங்

ஐயா, எட்டு மாதத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லக்னோ அணியைக் கொஞ்சம் பாருங்கள். ஹர்மன்பிரீத், மன்தீப், சுமித், வருண் குமார், குர்ஜந்த், சிம்ரன்ஜீத் எல்லாம் அதில் இருந்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக் வெண்கல அணியிலும் இவர்கள் இருந்தார்கள். ஜெர்மனிக்கு எதிரான அந்த 5-4 ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் மட்டும் 2 கோல். 18, 20 வயதிலிருந்தே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள், மேலே கோச் மாறிக்கொண்டே இருந்தும், சேர்ந்து நின்றார்கள். அப்படியானால் கீழே சரியாகப் போட்ட அடித்தளம் மேலே நடக்கும் குழப்பத்தையும் தாங்கும் என்றுதானே அர்த்தம்?

பத்தாம்நம்பர்

ஹாக்கி இழைக்குள் கால்பந்து ஆள் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தக் கேள்விக்கு பெல்ஜியம் கால்பந்து ஒரு நல்ல பாடம், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2000 யூரோ கோப்பையை பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தின. சொந்த ஊரிலேயே பெல்ஜியம் முதல் சுற்றோடு வெளியே. அதன்பின் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷேல் சப்லோன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். எல்லா வயது தேசிய அணிகளும் 4-3-3 (பின்னால் 4, நடுவில் 3, முன்னால் 3 பேர்) ஆடும், கிளப்புகளும் பள்ளிகளும் அதையே சொல்லித்தர வேண்டும் என்றார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. லூவன் பல்கலைக்கழகத்தாரை வைத்து 1,500 அளவில் சிறுவர் ஆட்டங்களைப் படம் பிடித்துப் பார்க்க வைத்தார். பெரிய மைதானத்தில் நிறையப் பேரை நிற்கவைத்தால் ஒரு பிள்ளையின் காலுக்குப் பந்து வருவதே அபூர்வம் என்று தெரியவந்தது. ஆகவே சின்னவர்களுக்கு 2-க்கு-2, அடுத்து 5-க்கு-5, பிறகு 8-க்கு-8, கடைசியில்தான் 11. 7, 8 வயதுக்கு உட்பட்டோர் லீக்குகளில் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

முதலில் பலன் தெரியவில்லை. 2007இல் ஃபிஃபா தரவரிசையில் 71ஆவது இடம் வரை விழுந்தார்கள். அப்போதும் திட்டத்தைக் கைவிடவில்லை. 2015 நவம்பரில் முதலிடம். 2018 உலகக் கோப்பையில் 3ஆம் இடம். ஐயா சொன்ன பொறுமை இதுதான்.

கணக்குப்பிள்ளை

பெல்ஜியம் கதையை எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பாதிதான் சரி. அந்த அணியின் நட்சத்திரம் ஹசார்ட் 14 வயதிலேயே பிரான்சின் லீல் கிளப்புக்குப் போய்விட்டார். வெர்டோங்கன், வெர்மாலன், ஆல்டர்வைரெல்ட் மூவரும் பதின்ம வயதிலேயே நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குப் போனவர்கள். இவர்களை வளர்த்ததில் பெல்ஜியம் சங்கத்துக்கு எவ்வளவு பங்கு, லீலுக்கும் அயாக்ஸுக்கும் எவ்வளவு பங்கு?

இன்னொன்று. 2018இல் கோச் ராபர்ட்டோ மார்ட்டினெஸ் அந்த அணியை ஆடவைத்தது 4-3-3 இல்லை. பின்னால் 3 பேர். அப்படியானால் 15 வருடம் 4-3-3 என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்தது எதற்கு?

பத்தாம்நம்பர்

நண்பரே, உங்கள் இரண்டாவது கேள்விதான் என் வாதத்துக்கே பலம். 4-3-3இல் வளர்ந்த பையன்கள் பின்னால் 3 பேர் வைத்த ஆட்டத்துக்கு மாறியபோது தடுமாறவில்லை. ஏனென்றால் அவர்கள் சிறு வயதில் கற்றது எண்களை இல்லை. ஒருவனை எதிர்கொண்டு தாண்டுவது, பந்தை முன்பக்கம் திரும்பி வாங்குவது, ஆள் குறைந்த பக்கத்தைப் பார்ப்பது, இவற்றைத்தான் கற்றார்கள். சப்லோனே 4-3-3ஐத் தேர்ந்தெடுத்தது அதில் விங்கர்களுக்கும் நடுக்களத்தவருக்கும் ஒருவருக்கு ஒருவர் மோதல் நிறைய வரும் என்பதால்தான்.

முதல் கேள்வி நியாயம். முழுப் பெருமையும் சங்கத்துக்கு இல்லை.

சென்டர்ஹாஃப் ஐயாவுக்கு இன்னொரு உதாரணம், ஸ்பெயின். அங்கே கோச் லூயிஸ் டி லா ஃபுவென்டே 2015இல் 19 வயதுக்குட்பட்டோர் அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அந்த அணியில் ரோட்ரி, மெரினோ, உனாய் சிமோன் இருந்தார்கள். 2019இல் 21 வயதுக்குட்பட்டோர் கோப்பை. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. 2022 கடைசியில் சீனியர் அணிக்கு வந்தார், 2024இல் யூரோ கோப்பை. காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டவர், அவர் 19 வயது அணியில் வளர்த்த அதே மெரினோ.

அவர் பழைய ஸ்பெயினை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள், ஒரு கோல்கூட இல்லை, பெனால்டியில் தோல்வி. டி லா ஃபுவென்டே அந்தப் பாஸ் ஆட்டத்தை வைத்துக்கொண்டே இரு பக்கமும் விங்கர்களாக யமாலையும் நிகோ வில்லியம்ஸையும் நிறுத்தி, ‘ஆளைத் தாண்டிப் போங்கள்’ என்று விட்டார். நிலையான பாணி உள்ளவர்களால்தான் இப்படி ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியும். நம்மைப் போல ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு எதை மாற்றுகிறோம் என்றே தெரியாது.

கோல்போஸ்ட்

பல்கலைக்கழக அணியில் கோல்கீப்பராக இருந்தேன், இப்போது பெண் பிள்ளைகளுக்குக் கீப்பிங் சொல்லித் தருகிறேன். இவ்வளவு நேரம் நீங்கள் எல்லோரும் பையன், பையன் என்றே எழுதுகிறீர்கள். ஒரே பாணி என்றால் பெண்கள் அணிக்கும் சேர்த்துத்தானே? நெதர்லாந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம், பெண்கள் தங்கம் இரண்டையும் வாங்கியது. இங்கே நான் பார்த்த ஓர் அகாடமியில் பையன்களுக்கு மாலை டர்ஃப், பெண்களுக்கு வெயில் கொளுத்தும் மத்தியானம். பையன்களுக்கு மேட்ச் இருந்தால் அதுவும் கிடையாது. ஓட்டமும் பிரஸும் (பந்து வைத்திருப்பவரை அழுத்துவது) அதிகம் வேண்டிய ஆட்டத்தை மத்தியான வெயிலில் எப்படிப் பழக்குவது? பாணியை எழுதும் முன் நேர அட்டவணையை எழுதுங்கள்.

கீப்பரின் இடத்திலிருந்து ஒன்று. ஆட்டம் முழுவதும் எதிரே பார்த்துக்கொண்டு நிற்பவள் நான்தான். பந்து எங்கே பறிபோகும் என்று நடுக்களத்தில் இருப்பவளைவிட எனக்கு முன்னாலேயே தெரியும். நான் கத்துவதைக் கேட்டுத்தான் பின்வரிசை நகர வேண்டும். பள்ளியில் தமிழில் கத்துவேன். மாநில அணியில் பாதி ஆங்கிலம். தேசிய முகாமுக்குப் போன பிள்ளைகள் எல்லாமே ஹிந்தி என்று வந்து சொல்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவர்களுக்கு ஆட்டத்தைவிடக் கூப்பாட்டைப் புரிந்துகொள்வதுதான் வேலை. ‘ஸ்டெப்’ என்றால் எல்லோரும் முன்னேறு, ‘ஹோல்டு’ என்றால் நில், ‘சேனல்’ என்றால் ஓரத்துக்குத் தள்ளு. இப்படி ஏழெட்டுக் குரல்களை 12 வயதிலேயே எல்லாப் பள்ளியிலும் பழக்கிவிட்டால் அந்தப் பிள்ளை எந்த மாநில ஆட்களோடும் நின்றுகொள்வாள். இதற்குக் காசு வேண்டாம், டர்ஃபும் வேண்டாம்.

அரியலூர்க்காரன்

அக்கா சொன்ன கூப்பாடு விஷயம் அருமை. முகாமில் என்னோடு இருந்தவன் ஒருவன் ஹிந்தி புரியாமல் இடம் மாறி நின்றதற்காகவே ‘பொசிஷன் சென்ஸ் இல்லை’ என்று பெயர் வாங்கினான்.

கரிசல்கிளப்

சின்ன ஊர், சின்ன கிளப். 14 வயது, 17 வயது, சீனியர் என்று மூன்று அணி. நாங்கள் இதைச் செய்துபார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மூன்று அணி கோச்சுகளும் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து எதில் ஒத்துப்போகிறோம் என்று பேசினோம். ஃபார்மேஷனில் ஒத்துப்போகவே இல்லை. அதை விட்டுவிட்டோம். பந்து போனால் பக்கத்தில் இருப்பவன் உடனே அழுத்த வேண்டும், மற்றவர்கள் உள்பக்கத்தை அடைத்து எதிரியை ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதில் மூவருக்கும் சம்மதம். பந்தை வாங்கும்போது ஒரு தோள் எதிரி கோலைப் பார்த்திருக்க வேண்டும் என்பதிலும் சம்மதம். எதிரணி 25 கஜத்துக்குள் ஒருவன் டாட்ஜ் செய்து பந்தை விட்டால் யாரும் அவனைத் திட்டக் கூடாது என்று சீனியர் கோச் சொன்னார். அதற்குத்தான் அதிக நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஏற்றுக்கொண்டோம்.

14 வயது அணிக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. அவர்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. சீனியர்கள்தான் கஷ்டம். பத்து வருடம் ஆடியவரிடம் ‘அண்ணே, திரும்பி வாங்குங்க’ என்றால் முகம் சுருங்குகிறது. வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருகிறவர்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆகவே வாரத்தில் ஒரு நாள் மூன்று அணியையும் கலந்து 6-க்கு-6 ஆட விட்டோம். ஒரு பக்கம் இரண்டு சின்னவன், இரண்டு நடு வயது, இரண்டு பெரியவன். சின்னவன் கண் முன்னாலேயே அழுத்தப் போகும்போது பெரியவர் நின்றுகொண்டிருக்க முடியாது. எங்களுக்கு எந்தக் கூட்டத்தையும்விட அந்த ஒரு மணி நேரம்தான் அதிகம் உதவியது.

அதனால் கிடைத்தது என்ன என்றால், 17 வயது அணியில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் 14 வயதுப் பையனைக் கூட்டிப் போய் இறக்க முடிகிறது. எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு பலம் போதாது, ஹிட்டில் வேகம் இருக்காது, ஆனால் தொலைந்துபோவதில்லை.

சென்டர்ஹாஃப்75

கரிசல் தம்பி எழுதியதில் அந்த டாட்ஜ் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. என் பயமே அதுதான். ஒரே பாணி என்று சொல்லி எல்லாப் பிள்ளையையும் இரண்டு தொடுதலில் பந்தை விடச் சொன்னால் நம் பழைய கேப்டன் தன்ராஜ் பிள்ளை போல இன்னொருவன் எங்கிருந்து வருவான்? அவர் பந்தோடு ஓடியபோது கேலரி எழுந்து நின்றது. அது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, யாரும் தடுக்காததால் வந்தது. தடுக்காமல் இருப்பதையும் பாணியில் எழுதிவைத்தால் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் தடுப்பாட்டக்காரர் ரோஹிதாஸ் சிவப்பு அட்டையோடு வெளியே போன பிறகு 40 நிமிடத்துக்கு மேல் 10 பேரை வைத்துக்கொண்டு பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். ஃபுல்டன் பழக்கிய தடுப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. தடுப்பைக் கேவலமாக நினைக்கும் பழைய ஆட்களில் நான் சேர்த்தியில்லை.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, ஒரு சின்னக் கேள்வி. பிஇடி சார் பள்ளியில் 14 வயது அணி மாவட்டப் போட்டியில் அழகாகப் பாஸ் ஆடித் தோற்றால் தலைமையாசிரியர் என்ன சொல்வார்? பெற்றோர் என்ன சொல்வார்கள்?

பிஇடி_தெற்கு

கேள்வி சின்னதாக இருந்தாலும் முழு நோயும் அதில்தான் இருக்கிறது.

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் நடக்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, பின்னாளில் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மகனின் சான்றிதழ் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். 14 வயதில் ஜெயிக்க எளிய வழி, வயதுக்கு மீறி வளர்ந்த இரண்டு பையன்களைப் பின்னாலும் முன்னாலும் நிறுத்தி, பின்னால் இருப்பவன் ஓங்கி அடிக்க, முன்னால் இருப்பவன் ஓடிப் போய் எடுப்பது. நடுவில் இருக்கும் 6 பேர் பந்தையே தொடுவதில்லை. கோப்பை வருகிறது, சான்றிதழ் வருகிறது. 18 வயதில் மற்ற பிள்ளைகளும் அதே உயரம் வளர்ந்துவிடுகிறார்கள். அப்போது இந்த இரண்டு பேருக்கும் வேறு ஆட்டம் தெரியாது, அந்த 6 பேர் எப்போதோ ஸ்டிக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல கோச்சுகள்கூட இதைச் செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்களை எடைபோடுவது கோப்பையை வைத்துத்தான்.

அதனால் நான் மேலே கேட்பது இரண்டு. ஒன்று, 14 வயதுப் பிரிவிலாவது சான்றிதழை வெற்றி தோல்வியோடு கட்டாமல் பங்கேற்போடு கட்ட முடியுமா என்று பாருங்கள். இரண்டு, அந்த வயதுக்கு 11 பேர் ஆட்டமே வேண்டாம். நெதர்லாந்தில் சிறு பிள்ளைகள் முதலில் கால் மைதானத்தில் 6 பேராக, பிறகு அரை மைதானத்தில் 8 பேராக ஆடிய பின்புதான் முழு மைதானத்துக்கு வருகிறார்கள். கால் மைதானத்தில் ஓங்கி அடித்தால் பந்து வெளியேதான் போகும். நாம் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பதை மைதானத்தின் அளவே சொல்லிக்கொடுத்துவிடும். மண் தரையிலும் இதைச் செய்யலாம். ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் 48 பிள்ளைகள் ஆடலாம். டர்ஃப் கிடைக்காத ஊருக்கு இதைவிட லாபமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரே பாணி மேலிருந்து என்றைக்கு வருமோ தெரியாது. ஃபுல்டனுக்கு அடுத்து யார் வருவார், அவர் என்ன ஆடுவார் என்பதும் நம் கையில் இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்துக்குள் இருக்கும் பள்ளிகளும் விடுதியும் இரண்டு மூன்று கிளப்பும் ஒத்துப்போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர்கள்தான் ஒருவருக்கொருவர் பிள்ளைகளை அனுப்பிக்கொள்கிறவர்கள்.

வலதுவிங்

சார், அப்படியானால் இதை இங்கேயே தொடங்கலாமே? கரிசல் அண்ணன் எழுதிய மூன்றும் கோல்போஸ்ட் அக்கா சொன்ன கூப்பாடுகளும் ஒரே பக்கத்தில் அடங்கும். நான் தட்டச்சு செய்து படங்களோடு தயார் பண்ணுகிறேன்.

கோல்போஸ்ட்

கூப்பாடுகளின் பட்டியலை இன்று இரவு அனுப்புகிறேன். கீப்பர் எங்கே நின்று கத்த வேண்டும் என்பதற்கும் ஒரு படம் போடுங்கள், சின்னப் பிள்ளைகள் கோட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பிஇடி_தெற்கு

நல்லது. அரையாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளி மைதானத்தை நான்காகப் பிரித்து 6-க்கு-6 ஆட்டம் வைக்கிறேன். 14 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளுக்குக் காலை, பெண் பிள்ளைகளுக்கும் அதே காலை, இரண்டு மைதானம் அவர்களுக்கு. புள்ளிப் பட்டியல் கிடையாது. சுண்ணாம்பும் கோல் போஸ்ட்டுக்குக் கம்பும் என் பொறுப்பு. நான்கு ஆட்டம் ஒரே நேரத்தில் நடப்பதால் விசில் ஊத ஆள் வேண்டும். சென்டர்ஹாஃப் ஐயா, நீங்கள் ஒரு மைதானத்தை எடுத்துக்கொள்வீர்களா?

சென்டர்ஹாஃப்75

வருகிறேன். டாட்ஜ் செய்கிற பிள்ளையை யாராவது கோச் திட்டினால் அங்கேயே ஆட்டத்தை நிறுத்துவேன், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.